மூக்கு என்னும் ஏர் ஃபில்டர்!

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை



மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் மன்றச் செயலாளர் நம்ம ரூமுக்கு வந்தார். "ஏதாவது உருப்படியா, எல்லாருக்கும் பயன்படுற மாதிரி எழுதுப்பா" என்றார். "மூக்கைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும்! அவர்களில் மூன்று பேர் சிரித்து முடித்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக் கொண்டதை நான் பார்க்காமல் இல்லை.

இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமை காலை. ஒர்க்‌ஷாப்பில் லேத் பயிற்சி. முதல் நாள் இரவு முழுக்கத் தும்மல். பத்து, பதினைந்து என்று அடுக்கடுக்காக வந்து தூக்கமே இல்லை. காலையில் கடைக்காரரிடம், "அண்ணே, தும்மலுக்கு ஏதாவது குடுங்க" என்றேன். அவரும் ஒரு மாத்திரையைக் கிழித்துக் கொடுத்தார். டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டு வந்து லேத் முன்னால் நின்றேன். தும்மல் நின்றது; ஆனால் கண் சொருகியது. ஜாபை சக்கில் இறுக்கினேன். சக் கீயை எடுக்க மறந்தேன். ஸ்விட்சைப் போட்டேன்.

மெக்கானிக்கல் மாணவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. கீ பறந்தது. என் பக்கத்தில் நின்ற நண்பனின் காதை ஒட்டிப் போய்ச் சுவரில் மோதி விழுந்தது. நாலு விரற்கடை இந்தப் பக்கம் வந்திருந்தால்... இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

இன்ஸ்ட்ரக்டர் சார் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெயினை ஆஃப் செய்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "என்ன மாத்திரை போட்ட?" என்றார். "தும்மலுக்கு சார்." "தும்மல் நின்னுது, சரி. நீ நின்னுக்கிட்டே தூங்கினியே, அதுக்கு யாருப்பா பொறுப்பு? நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய் மூக்கைக் காட்டிட்டு வா. அதுவரைக்கும் மெஷின் பக்கம் வராதே."

போனேன். சீட்டு வாங்கி, காது மூக்கு தொண்டைப் பிரிவில் வரிசையில் நின்றேன். அங்கே டாக்டர் அம்மா சொன்னதையும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆகவே இதைப் படித்துவிட்டு நீங்களே உங்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளக் கூடாது. எதைக் கேட்க வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்துகொண்டால் போதும்.

மூக்கின் டிசைன்

மூக்கு என்றால் வெளியே தெரியும் பகுதி மட்டும் அல்ல. உள்ளே இரண்டு பக்கச் சுவர்களிலும் மும்மூன்று மடிப்புகள் இருக்கின்றன. என்ஜின் சிலிண்டரின் மேல் ஃபின் எதற்கு இருக்கிறது? பரப்பளவை அதிகமாக்க. அதே வேலைதான் இங்கேயும். இந்த மடிப்புகளில் ரத்தம் ஓடிக்கொண்டே இருப்பதால், உள்ளே போகும் காற்று உடம்புச் சூட்டுக்கு வந்துவிடுகிறது, ஈரமும் ஏறுகிறது. அதாவது ஏர் ஃபில்டர், ஹீட்டர், ஹியுமிடிஃபையர் மூன்றும் ஒரே யூனிட்டில்!

வளர்ந்த ஒரு மனிதன் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறான். அதிலுள்ள தூசி மூக்கின் ஈரச் சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகள் அந்தச் சளிப் படலத்தை கன்வேயர் பெல்ட் மாதிரி தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாம் அறியாமலே அதை விழுங்குகிறோம். வயிற்று அமிலம் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

இன்னொரு சங்கதி. எல்லா நேரத்திலும் இரண்டு துவாரமும் சமமாகத் திறந்திருப்பதில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் சற்று வீங்கும், மறுபக்கம் திறக்கும். ஷிஃப்ட் டூட்டி! லேசாக மாறி மாறி அடைப்பது இயற்கை. அதை நோய் என்று எண்ணிப் பயப்படாதீர்கள்.

தப்பாக அடிக்கும் அலாரம்

சரி, ஒவ்வாமை, அதாவது அலர்ஜி என்றால் என்ன? தீ பிடித்தால் ஃபயர் அலாரம் அடிக்க வேண்டும். ஆனால் யாரோ ஊதுபத்தி கொளுத்தியதற்கே அலாரம் அலறி, தண்ணீரும் கொட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் அலர்ஜி. உண்மையில் கெடுதல் செய்யாத ஒரு பொருளை உடம்பின் காவல் படை எதிரி என்று நினைத்துவிடுகிறது.

இது நடப்பது இரண்டு கட்டமாக. முதலில் அந்தப் பொருளுக்கு என்றே ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்புப் புரதத்தை உடம்பு தயார் செய்து, மூக்குச் சவ்விலுள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டி வைக்கிறது. இது ஸ்விட்சுக்கு வயரிங் செய்வது போல. அடுத்த முறை அதே பொருள் வந்து தொட்டால் ஸ்விட்ச் ஆன்! சில நிமிடங்களில் அந்த செல்கள் ஹிஸ்டமின் முதலிய ரசாயனங்களைக் கொட்டுகின்றன. அரிப்பு, தும்மல், தண்ணீராக ஒழுகுதல் எல்லாம் அதன் விளைவு. கதை அத்தோடு முடிவதில்லை. சில மணி நேரம் கழித்து வேறு வெள்ளை அணுக்கள் வந்து சேர்ந்து சவ்வை வீங்க வைக்கின்றன. காலையில் தூசி தட்டியவனுக்கு மாலையில் மூக்கு அடைப்பது இதனால்தான். வீங்கிய சவ்வு அடங்குவதற்குள் மறுபடி தூசி பட்டால், நாளாக நாளாக அது தீராத அழற்சியாகிவிடுகிறது.

இதைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. 1819-ல் லண்டனில் ஜான் பாஸ்டாக் என்ற மருத்துவர், ஒவ்வொரு கோடையிலும் தனக்கே வரும் தும்மலையும் கண் எரிச்சலையும் ஒரு நோயாக விவரித்தார். காரணம் தெரியவில்லை. மான்செஸ்டரைச் சேர்ந்த சார்லஸ் பிளாக்லி என்ற மருத்துவருக்கும் அதே நோய். அவர் மகரந்தத்தைத் தன் மூக்கிலும் தோலிலும் தடவிச் சோதித்தார். பிசுபிசுப்பான திரவம் தடவிய கண்ணாடித் தகடுகளைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டு, உயரத்தில் எவ்வளவு மகரந்தம் இருக்கிறது என்றும் எண்ணினார்! 1873-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். 'அலர்ஜி' என்ற சொல்லை 1906-ல் உருவாக்கியவர் வியன்னாவின் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே. ஐ.ஜி.ஈ. பிடிபட்டதோ 1960களின் பிற்பகுதியில்தான். அமெரிக்காவில் இஷிஸாக்கா தம்பதியரும், ஸ்வீடனில் யோஹான்ஸன், பென்னிக் ஆகியோரும் தனித்தனியே கண்டறிந்தார்கள்.

ஜலதோஷமா, அலர்ஜியா?

நம்மில் பலர் "எனக்கு வருஷம் முழுக்க சளி" என்கிறோம். மூக்கு உள்ளவரை சளி என்று பழமொழி வேறு! ஆனால் வைரஸால் வரும் ஜலதோஷம் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் போய்விடும். உடம்பு வலி, தொண்டை வலி, சில சமயம் காய்ச்சல் இருக்கும். அலர்ஜிக்குக் காய்ச்சல் கிடையாது. மூக்கு, கண், அண்ணம் அரிக்கும், தும்மல் சரம் சரமாக வரும், ஒழுகுவது தெளிந்த தண்ணீராக இருக்கும், வாரக்கணக்கில் நீளும். வாரத்தில் நான்கு நாட்களுக்கு மேலும், தொடர்ந்து நான்கு வாரங்களுக்கு மேலும் இருந்தால் அதை 'நீடித்த' வகை என்கிறார்கள். தூக்கமோ, படிப்போ, வேலையோ கெட்டால் அது 'லேசானது' அல்ல.

அலர்ஜி இல்லாமலும் மூக்கு அழற்சி வரலாம். புகை, வாசனைத் திரவியம், திடீர்க் குளிர்காற்று இவற்றுக்கே சிலருக்கு மூக்கு ஒழுகும். நடுத்தண்டு வளைந்திருந்தாலும், உள்ளே சதை வளர்ந்திருந்தாலும் அடைக்கும். பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் அடைப்பு, கெட்டியான சளி, முகத்தில் பாரம், வாசனை தெரியாமை என்றால் சைனஸ் அழற்சியாக இருக்கலாம். நம் சித்த மருத்துவம் 'பீனிசம்' என்று ஒரு தனி நோயாகவே இதையெல்லாம் பேசுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை என்றால் எப்படிச் சரியாகும்? ஃபால்ட் எது என்று பார்க்காமல் ஃப்யூஸை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறோம்!

எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான்?

முதல் எதிரி நம் படுக்கையில்! தூசிப்பூச்சி என்னும் எட்டுக்கால் நுண்ணுயிர். நீளம் கால் மில்லிமீட்டர், அவ்வளவுதான். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்கு மெஸ் சாப்பாடு. அதன் எச்சம்தான் அலர்ஜியைக் கிளப்புகிறது. வீட்டுத் தூசியில் குற்றவாளி இதுதான் என்று 1964-ல் நெதர்லாந்தின் வூர்ஹார்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா குழுவினர் காட்டினார்கள். ஹாஸ்டல் தலையணையைக் கடைசியாக எப்போது துவைத்தீர்கள்? பதில் சொல்ல வேண்டாம், எனக்கும் தெரியும்!

மற்றவர்கள்: கரப்பான் பூச்சி, ஈரச் சுவரில் பூக்கும் பூஞ்சை, பூனை நாயின் செதில், புல் பூண்டுகளின் மகரந்தம். மைதானத்து ஓரம் வெள்ளைப் பூவோடு மண்டிக் கிடக்கும் பார்த்தீனியமும் இதில் சேர்த்தி. அதை வெறுங்கையால் பிடுங்காதீர்கள், தோலுக்கும் ஆகாது.

அடுத்து, நம் தொழிலே கொண்டுவரும் எதிரிகள். டெக்ஸ்டைல் நண்பர்களுக்குப் பஞ்சுத் தூசி. கார்பென்டரியில் மரத்தூள், அது வெறும் தும்மலோடு நிற்பதில்லை, பல ஆண்டுகள் சுவாசித்தால் மூக்கிலும் சைனஸிலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. ஃபவுண்டரியில் மணல் தூசி, வெல்டிங்கில் புகை. பெரிய துகள்களை மூக்கு பிடித்துவிடும். சில மைக்ரான் அளவுள்ள நுண் தூசி மூக்கை ஏமாற்றிவிட்டு நுரையீரல் வரை போகும். "மாஸ்க் போட்டா ஸ்டைல் போயிடும்" என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவும். லீவு நாளில் மூக்கு நன்றாக இருந்து, ஒர்க்‌ஷாப் நாளில் மட்டும் படுத்தினால் அதைக் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

எதிரியைக் குறைக்க: உறைகளையும் போர்வையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி அளவுள்ள சுடுநீரில் துவைத்து வெயிலில் நன்கு உலர்த்தலாம். ஜன்னலைத் திறந்து ஈரத்தைக் குறைக்கலாம். துடைப்பத்தால் புழுதி கிளப்பாமல் ஈரத்துணியால் துடைக்கலாம். கொசுவர்த்திப் புகையையும் சிகரெட்டையும் அறையை விட்டு விரட்டலாம். இதனால் மட்டும் நோய் ஓடிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மருந்தின் வேலை சுலபமாகும்.

மருந்துகள்: எது நண்பன், எது வேஷதாரி?

(1) தும்மல் மாத்திரை. ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரைகளில் இரண்டு தலைமுறை உண்டு. ஃபெனிரமின், குளோர்ஃபெனிரமின் போன்ற பழையவை மூளைக்குள்ளும் புகுந்து தூங்க வைக்கும். இரவில் போட்டாலும் மறுநாள் காலை வரை மந்தம் இருக்கலாம். நான் போட்டது இந்த ரகம்தான். லோரட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற புதியவை அநேகமாகத் தூங்க வைப்பதில்லை. செட்ரிசின் நடுவில்; சிலருக்கு மட்டும் தூக்கம் வரும். மெஷினில் நிற்பவரும் வண்டி ஓட்டுபவரும் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது: "நான் மெஷின்ல வேலை செய்யறேங்க."

பரீட்சைக்கும் இது பொருந்தும். பிரிட்டனில் 15 முதல் 17 வயதுள்ள 1,834 மாணவர்களை ஆராய்ந்து 2007-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மாதிரித் தேர்வைவிடப் பொதுத்தேர்வில் கிரேடு இறங்கும் வாய்ப்பு, பரீட்சைச் சமயத்தில் மூக்கு அலர்ஜி இருந்தவர்களுக்கு 1.4 மடங்கு, அதற்காகத் தூங்க வைக்கும் மாத்திரை போட்டவர்களுக்கு 1.7 மடங்கு. அரியர் வைப்பதற்கு நமக்குக் காரணமா பஞ்சம்? இதையும் ஏன் சேர்க்க வேண்டும்!

(2) ஸ்டீராய்டு ஸ்ப்ரே. ஃப்ளூட்டிகசோன், மோமெட்டசோன், புடசோனைடு என்பவை. "ஐயோ, ஸ்டீராய்டா!" என்று நானும் அலறினேன். டாக்டர் அம்மா சிரித்தார். "மாத்திரையா ஊசியா போட்டா உடம்பு முழுக்கப் போகும். இது மூக்குல மட்டும் படற சின்ன அளவு. ரத்தத்துல சேர்றது ரொம்பக் குறைச்சல்" என்றார். தொடர்ந்து படுத்தும் மூக்கடைப்புக்கு இதுதான் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்யும் மருந்து. ஆனால் ஸ்விட்ச் போட்டதும் எரியும் பல்பு அல்ல. முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகலாம். இரண்டு நாள் அடித்துவிட்டு "வேலைக்கு ஆகல" என்று தூக்கிப் போடுபவர்களே அதிகம்.

அடிக்கும் முறையும் முக்கியம். தலையைச் சற்று முன்பக்கம் குனியுங்கள். இடது துவாரத்துக்கு வலது கை, வலது துவாரத்துக்கு இடது கை. முனை நடுத்தண்டைப் பார்க்காமல், வெளிப்பக்கமாக, காதைப் பார்த்து இருக்க வேண்டும். மெதுவாக மூச்சை இழுங்கள். உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். நடுத்தண்டில் நேராக அடித்தால் ரத்தம் கசியும்.

(3) அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து. இவன்தான் வேஷதாரி! ஆக்ஸிமெட்டசோலின், ஸைலோமெட்டசோலின் வகை. இரண்டு சொட்டு விட்டதும் மூக்கு ஹைவே மாதிரி திறக்கும். என் அறை நண்பன் ஆறு மாதம் விட்டான். முதலில் இரவுக்கு இரண்டு சொட்டு. பிறகு காலை, மாலை. பிறகு வகுப்புக்கு நடுவிலும் பாக்கெட்டில் பாட்டில். கடைசியில் மருந்து இறங்கியதும் முன்னைவிட மோசமாக அடைத்தது. மருந்தே நோயாகிவிட்டது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்களே, அது இந்த மருந்துக்கென்றே சொன்ன மாதிரி இருக்கிறது. மிஞ்சிப் போனால் ஐந்து நாள், அதற்கு மேல் கூடாது. அவன் டாக்டரின் யோசனைப்படி ஸ்டீராய்டு ஸ்ப்ரேயின் துணையோடு இதை நிறுத்தினான். முதல் வாரம் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். இன்று பாட்டில் இல்லாமல் தூங்குகிறான், குறட்டையும் குறைந்திருக்கிறது!

(4) மான்டிலூகாஸ்ட். லெவோசெட்ரிசினுடன் சேர்த்து ஒரே மாத்திரையாக நம் ஊரில் தாராளமாகப் புழங்குகிறது. சிலருக்கு இது மனச்சோர்வு, கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. மற்ற மருந்துகள் பயன்படாத மூக்கு அலர்ஜிக்கு மட்டுமே இதை வைத்துக்கொள்ளச் சொன்னது. ஆகவே சீட்டு இல்லாமல் வாங்கி விழுங்காதீர்கள். இதைச் சாப்பிடும்போது மனசு சரியில்லை என்றால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

(5) உப்பு நீர். செலவில்லாத வைத்தியம். நன்றாகக் கொதித்து ஆறிய கால் லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகத் தூள் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. சுத்தமான பாட்டிலால் ஒரு துவாரத்தில் விட்டால் மறுதுவாரம் வழியே வெளியேறும். தூசியும் சளியும் கழுவிப் போகும். கொதிக்க வைக்காத குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் கூடவே கூடாது. மூக்கு வழியே மூளைக்கு ஏறும் அமீபா ஒன்று உண்டு. 2024-ல் கேரளத்தில் அப்படிப்பட்ட மூளைக் காய்ச்சல் சில உயிர்களைப் பறித்தது. அபூர்வம்தான், வந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

ஆவி பிடிப்பது சற்று நேரம் இதம் தரும். அழற்சியைத் தீர்க்காது. கொதிக்கும் பாத்திரத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டவர்களும் உண்டு, ஜாக்கிரதை!

டெஸ்ட், தடுப்பு ஊசி

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அறியத் தோலில் சிறு குத்துச் சோதனை செய்வார்கள். 15 முதல் 20 நிமிடத்தில் தடிப்பு தெரியும். சோதனைக்குச் சில நாள் முன்பே தும்மல் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். தடிப்பு வந்ததாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. உங்கள் தொந்தரவோடு ஒத்துப்போக வேண்டும். மருந்துக்கு அடங்காதவர்களுக்கு, அதே பொருளைச் சிறிது சிறிதாக ஊசியாகவோ நாக்கின் அடியிலோ கொடுத்து உடம்பைப் பழக்கும் முறை உண்டு. 1911-ல் லண்டனில் லியோனார்டு நூன் தொடங்கி வைத்தது. சுமார் மூன்று ஆண்டு பொறுமை வேண்டும். ஊசி போட்டதும் அபூர்வமாகக் கடுமையான எதிர்விளைவு வரலாம் என்பதால், அதைச் சமாளிக்கும் வசதியுள்ள இடத்தில், நிபுணரிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டும்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

ஒரு பக்கம் மட்டும் விடாமல் அடைத்தால், ஒரு பக்கம் மட்டும் ரத்தமோ நாற்றமுள்ள சளியோ வந்தால், கண்ணைச் சுற்றி வீங்கினால், பார்வை மங்கினால், கடுமையான தலைவலியோடு காய்ச்சல் வந்தால் உடனே போக வேண்டும். மூச்சில் விசில் சத்தமோ இரவில் இருமலோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். மூக்கும் நுரையீரலும் ஒரே பைப்லைன். ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கு அழற்சியும் உண்டு. மூக்கைக் கவனித்தால் நெஞ்சும் நன்றாக இருக்கும்.

முடிவாக...

இப்போது நான் எப்படி இருக்கிறேன்? தினமும் ஸ்ப்ரே, இரவில் உப்பு நீர், சனிக்கிழமை தோறும் தலையணை உறைக்குக் கங்காஸ்நானம். தும்மல் அடியோடு போகவில்லை. ஆனால் சரம் சரமாக வருவது நின்றது; இரவில் தூங்குகிறேன். டாக்டர் அம்மா தூங்க வைக்காத மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகுதான் சார் என்னை மறுபடி லேத்தில் விட்டார். அன்று முதல் வேலையாக அவர் சொன்னது: "கீயை எடுத்தியா?" எடுத்திருந்தேன்.

காதோரம் கீ பறந்த அந்த நண்பன் இன்றும் என் பக்கத்து மெஷினில்தான் நிற்கிறான். நான் தும்மினால் "நூறாயிசு" என்று சொல்லிவிட்டு, மறக்காமல் என் சக்கை ஒருமுறை எட்டிப் பார்க்கிறான். அவன் பார்க்கட்டும். அது அவன் உரிமை.

லேத்துக்கு எண்ணெய் விட மறக்காத நாம், உடம்பின் ஏர் ஃபில்டரை மட்டும் கவனிக்காமல் விடலாமா? சிந்திப்போம், செயல்படுவோம்!